புதுப்பிப்பு: திரும்பத் திரும்ப முளைத்த அப்டேட்டர் போய்விட்டது

பிரிண்டர் டிரைவரோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு அப்டேட்டர் (தானாகவே புதுப்பிப்பு தேடும் சின்ன புரோகிராம்), அன்இன்ஸ்டால் செய்த பிறகும் லேப்டாப்பில் திரும்ப வருகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை ரோட்டுக் கடை ஒன்றில் ஃபார்மேட் பண்ணித்தான் ஆகணும் என்றார்கள். தேவைப்படவில்லை.

கன்ட்ரோல் பேனலில் நீக்கியபோது போனது வெளித்தோற்றம் மட்டும்தான். வேர், புரோகிராம்களைத் தானாக ஓடவைக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் இருந்தது: லாகின் செய்யும்போதெல்லாம் ஓடும் ஒரு டாஸ்க். அது இயக்கிய ஃபைல் புரோகிராம்டேட்டா ஃபோல்டரில். எக்ஸ்புளோரரில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' டிக் செய்தால்தான் அந்த ஃபோல்டரே கண்ணில் படும். முதலில் டாஸ்க்கை டிசேபிள் செய்து, பின்னணியில் ஓடுபவற்றைக் காட்டும் சர்வீசஸில் அதே பெயரில் இருந்ததையும் நிறுத்தினேன். அப்புறம்தான் ஃபைலை அழித்தேன். வரிசை முக்கியம், ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலை விண்டோஸ் அழிக்க விடாது.

இங்கே ஒரு அண்ணன் சொன்ன ஆட்டோரன்ஸ் அருமை. விண்டோஸ் தொடங்கும்போது தானாக ஓடுபவற்றைப் பட்டியலிடும் மைக்ரோசாப்ட்டின் இலவசக் கருவிதான். மைக்ரோசாப்ட் பதிவுகளை மறைக்கும் வசதியைப் போட்டால் பட்டியல் பாதிக்கு மேல் சுருங்கிவிடுகிறது, வேண்டாத ஆள் சட்டென்று தெரிகிறான்.

விண்டோஸ் அப்டேட்டையும் இப்படி நிறுத்தலாமா என்று தர்மபுரித் தம்பி கேட்டதற்கு: அதை மட்டும் நிறுத்தாதீங்க, பாதுகாப்புத் திருத்தங்கள் அதில்தான் வருகின்றன. போன் ஹாட்ஸ்பாட்டில் டேட்டா தீர்வதுதான் கவலை என்றால், அந்த வைஃபையை 'மீட்டர்டு கனெக்ஷன்' (அளவான டேட்டா உள்ள இணைப்பு) என்று வைத்துக்கொண்டால் போதும், பெரும்பாலான அப்டேட்டுகள் அதில் தானாக இறங்காது.