எந்தப் பருவத்துக்கு எந்த டயர்: நமக்கு நேர்ந்தவை

சேரன்மகாதேவிக்காரர், இப்போது ஸ்டுட்கார்ட்டில்:

பனி பெய்த நாளின் கதை எல்லோரிடமும் இருக்கும். என்னுடையது பனியே பெய்யாத நாளில் நேர்ந்தது. நவம்பர் முதல் வாரம், காலை ஏழரை மணி, வெளியே 3 டிகிரி, இரவெல்லாம் தூறிய ஈரம். இந்த ஊர்க்காரர்கள் கோடை டயரைக் கழற்றிக் குளிர்கால டயரை மாட்ட அக்டோபரிலேயே கடைக்குப் போய்விடுவார்கள். ஜெர்மனியின் சட்டம் தேதி எதையும் குறிப்பதில்லை, சாலையில் பனியோ உறைநீரோ இருந்தால்தான் கட்டாயம் என்கிறது என்று படித்து வைத்திருந்த நான், முதல் பனி விழட்டும் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டிருந்தேன்.

பாதசாரிகள் கடக்கும் கோட்டுக்கு முன் பிரேக்கை மிதித்தேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். காலடியில் தடதடவென்று அதிர்ந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, கடந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டிக்கு ஒரு முழம் முன்னால் போய்த்தான் நின்றது. அவர் சத்தம் போடவில்லை. குனிந்து என் முன் டயரைப் பார்த்தார், கைத்தடியால் அதை இரண்டு முறை தட்டினார், நடந்து போய்விட்டார். காற்று இருக்கிறதா என்று பார்க்க நம் ஊர் லாரி ஓட்டுநர்கள் கட்டையால் தட்டுவார்களே, அதே தட்டு. அந்த வாரமே எல்லாப் பருவ டயருக்கு மாறிவிட்டேன். தட்டிய சத்தம் மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

தென்காசிக்காரர்:

எங்களுக்குக் குளிரும் இல்லை, பனியும் இல்லை, ஆனாலும் வழுக்கியது. குற்றாலச் சீசன், ஜூன் கடைசி, விடாத சாரல். புனலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பி வருகிறோம். புளியரை எஸ் வளைவை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்பாவின் கார், ஒன்பது ஆண்டில் 21,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது, டயரில் பட்டன், அதாவது தரையில் படும் மேடுபள்ளம், புதியது போலவே இருந்தது. இறக்கத்தில் திரும்பும்போது பின்பக்கம் மட்டும் தனியாக வெளியே ஒதுங்கியது. எதிரே கேரளத்துக்கு வைக்கோல் ஏற்றிச் செல்லும் லாரி. எப்படியோ தப்பினோம். லாரியிலிருந்து உரசி விழுந்த ஒரு வைக்கோல் வைப்பரில் மாட்டிக்கொண்டு, வீடு வரைக்கும் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே வந்தது. வண்டியை நிறுத்தி அதை எடுத்துப் போட எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் டயர்க் கடைக்காரர் பக்கச்சுவரில் இருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 3714. அதாவது 2014ஆம் ஆண்டின் 37ஆம் வாரத்தில் செய்தது. விரல் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது டயர் இல்ல, பலகை" என்றார்.

வள்ளியூர்க்காரர்:

ஸ்டுட்கார்ட் நண்பர் சொன்னதில் டயர் பாதிக் குற்றவாளிதான். நவம்பர் என்றால் அங்கே இலையுதிரும் காலம். ஈர இலையின் மேல் எந்த டயரும் வழுக்கும். 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயர் உதவாது என்று பலர் கோடு கிழித்துப் பேசுகிறார்கள். அப்படி ஒரு கோடு இல்லை. குளிரக் குளிர ரப்பர் மெல்ல மெல்ல இறுகுகிறது, அவ்வளவே.

என் அனுபவம் நேர்மாறானது. இமாசலப் பிரதேசத்தில் ஓடிய பழைய கார் ஒன்றை வாங்கினேன். டயரின் பக்கச்சுவரில் மூன்று மலைமுகடும் நடுவே பனிப்பூவும் வரைந்திருந்ததை அழகுக்குப் போட்டது என்று நினைத்துக்கொண்டேன்; அது பனிக்கு ஏற்ற டயர் என்பதற்கான குறி. மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு, நாங்குநேரி தாண்டி நான்குவழிச் சாலையில் லேன் மாறுவதற்கு ஸ்டீயரிங்கைத் திருப்பினால், வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. பனியைக் கவ்வுவதற்காகப் பட்டன் முழுவதும் போட்டிருந்த மெல்லிய கீறல்கள், கொதிக்கும் தாரில் வளைந்துகொடுத்திருக்கின்றன. குளிரிலும் இறுகாதிருக்க மென்மையாகச் செய்த ரப்பர் ஒரே கோடையில் தேய்ந்தும் போனது.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து வெயிலுக்குக் குளிர்கால டயர் தேவையே இல்லை. கடையில் கேட்க வேண்டியது தயாரித்த வாரத்தையும் வேக எழுத்தையும்தான். டி (T) என்றால் 190, எச் (H) என்றால் 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். நாம் அவ்வளவு வேகம் போவதில்லை என்று சிரிக்க வேண்டாம், அந்த எழுத்து சூட்டைத் தாங்கும் திறனையும் சேர்த்தே சொல்கிறது. காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன் பார்க்க வேண்டும், ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும். எவ்வளவு காற்று நிரப்ப வேண்டும் என்பதை ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் பார்க்க வேண்டும். டயரின் மேல் எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச அளவு. சட்டம் 1.6 மில்லிமீட்டர் பட்டன் போதும் என்றாலும், ஐப்பசி மழையில் சாலையில் நிற்கும் நீரைப் பள்ளங்கள் வழியே வெளியேற்ற அது போதாது. 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்றுவது நல்லது. இரண்டு டயர் மட்டும் வாங்கினால், முன்சக்கரத்தால் ஓடும் காராக இருந்தாலும் புதியவை பின்னால்தான் போக வேண்டும். தென்காசி நண்பருக்கு வண்டியின் பின்பக்கம் ஒதுங்கினால் என்ன ஆகும் என்று இப்போது தெரிந்திருக்கும். நைட்ரஜனுக்குத் தனியாகக் காசு கொடுப்பவர்கள், சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு அதுதான் என்பதை நினைவில் கொள்ளட்டும். ஸ்டெப்னியின் தேதியையும் பாருங்கள்.

பாளையங்கோட்டைக்காரர், மாண்ட்ரியலில்:

‘எல்லாப் பருவ டயர்’ என்று சொல்லிக்கொண்டே போகிறீர்கள். அந்தப் பெயர்தான் என்னை ஏமாற்றியது. வட அமெரிக்காவில் அந்தப் பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை சேறும் லேசான பனியும் தாங்கும் என்பதற்கான எம்+எஸ் எழுத்தை மட்டுமே தாங்கியவை; மலைமுகடு பனிப்பூக் குறி இருக்காது. நான் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். எனக்கு நேர்ந்தது நவம்பர் கடைசியில். ஒரு மேட்டுத் தெருவில் சிக்னலுக்கு நின்றேன். காலை பிரேக்கிலிருந்து எடுக்கவே இல்லை. நான்கு சக்கரமும் சுழலாமல் நின்றபடியே வண்டி மெதுவாகப் பின்னால் வழுக்கிப் போனது. ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவார்களே, அதைப் போட ஆள் யாராவது இருக்கிறார்களா என்று கண்ணாடியில் பின்னால் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா? குப்பைத் தொட்டி ஒன்றில் மோதித்தான் நின்றது.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து மீண்டும்:

நான் வாங்கியவற்றில் பனிப்பூக் குறி இருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து ஜெர்மனியில் வெறும் எம்+எஸ் எழுத்தைக் குளிர்கால டயராக ஏற்பதில்லை. வள்ளியூர் அண்ணாச்சி சொன்ன இலை அன்று சாலையில் கிடந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பாட்டி தட்டியது இலையை அல்ல.

தென்காசிக்காரர்:

புதிய நான்கு டயரும் மாட்டியாயிற்று. பழைய நான்கையும் கடையில் விட்டுவர அப்பா சம்மதிக்கவில்லை. மாட்டுத்தொழுவத்தின் கூரைமேல் போட்டு வைத்திருக்கிறார். "ஓடாத டயர் எப்படிடே பழசாகும்?" என்று நேற்றுக்கூடக் கேட்டார்.