தட்டச்சு செய்தவர்

டைப்பிஸ்ட் வேலை பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றீர்கள். என்னுடையது இது.

ஈரோடு பக்கம் ஒரு பத்திர எழுத்தரிடம் எட்டு வருடம் டைப் அடித்தேன். கம்ப்யூட்டர் வராத காலம். தமிழ் டைப்பிங் பரீட்சையில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். "எழுதிக் கொடுத்ததைப் பார்த்து அடிக்கிற வேலைதானே" என்று சொந்தக்காரர்களே சொல்வார்கள். கேட்கக் கஷ்டமாக இருக்கும்.

தமிழ் மிஷினில் புள்ளியைத் தட்டினால், தாளைத் தாங்கும் வண்டி நகராது. முதலில் புள்ளி, அப்புறம்தான் அதன் கீழே எழுத்து. 'வாய்க்கால்' என்று அடிக்க மூன்று இடத்தில் புள்ளியை முன்கூட்டியே வைக்க வேண்டும். அடுத்து வருவது என்ன என்று மனதில் ஓடாமல் விரல் ஓடாது. ஸ்டாம்ப் பேப்பரில் பிழை விழுந்தால் சும்மா அழித்துவிடவும் முடியாது; ஒவ்வொரு அடித்தல் திருத்தலுக்கும் சொத்தை எழுதிக் கொடுப்பவரின் கையெழுத்தோ ரேகையோ வேண்டும்.

ஒரு நாள் ஒரு பாட்டி, மகளுக்கு நிலத்தைச் செட்டில்மெண்ட் எழுதிவைக்க வந்தார். காலிங்கராயன் வாய்க்கால் பாசன நிலம். தாய்ப்பத்திரத்தில் செக்குபந்தி, அதாவது நிலத்தின் நாலு பக்க எல்லை, பழைய பாணியில் 'வாய்க்காலுக்குக் கிழக்கு' என்று இருந்தது. அதாவது வாய்க்காலுக்குக் கிழக்கே நிலம். டிராஃப்ட்டில் அதைப் புதுப் பாணிக்கு மாற்றும்போது, 'மேற்கில் வாய்க்கால்' என்று வர வேண்டியது 'கிழக்கில் வாய்க்கால்' என்று ஆகிவிட்டது. நிலம் அப்படியே வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது!

அடிக்காமல் நிறுத்திவிட்டுப் பாட்டியைக் கேட்டேன். "தண்ணி மேக்கால இருந்துதான் கண்ணு வரும், காவேரி கெழக்கால" என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். எழுத்தரிடம் இரண்டு தாளையும் வைத்தேன். பார்த்தார், ஒன்றும் பேசாமல் திருத்தினார். அப்படியே பதிவாகியிருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம், மறுபடி செலவு, மறுபடி அலைச்சல். பாட்டி இல்லாத காலத்தில் என்றால் மகள் பாடு இன்னும் சிரமம்.

இங்கிலீஷில் டைப்ரைட்டர் என்ற சொல் ஒரு காலத்தில் மிஷினையும் குறித்தது, அதில் அடிக்கும் ஆளையும் குறித்தது. ஆளும் மிஷினும் ஒன்றுதான் என்ற அந்த எண்ணம் இன்னும் போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ரேகை வைப்பதற்கு முன் பாட்டி, "நாலு பக்கத்து எல்லையையும் நீயே ஒருக்கா படி கண்ணு" என்றார். படித்தேன். கடைசிப் பக்கத்தில் 'தட்டச்சு செய்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.