ஆலயமணி நீங்க யாரோட பாத்தீங்க? அனுபவத்தை சொல்லுங்க

சிவாஜி, எஸ்.எஸ்.ஆர் நடிச்ச ஆலயமணி (1962) தான் மேட்டர். எங்க பாத்தீங்க, பக்கத்துல யாரு இருந்தா, அதையும் சேத்து எழுதுங்க. நான் ஆரம்பிக்கேன்.

நான் பாத்தது மும்பை தாராவியில, 1988 பொங்கல். லைன்ல எல்லாரும் காசு போட்டு வீடியோ டெக்கு, டிவி, மூணு கேசட் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுப்போம், ரெண்டு புதுப்படம், ஒண்ணு பெருசுங்களுக்கு. அந்த தடவை பெருசுங்க படத்தை எங்கப்பா தான் செலக்ட் பண்ணாரு, ஏன்னா 'ஆலயமணியின் ஓசையை நான் கேட்டேன்' பாட்டு இதுல தான் இருக்குன்னு அடிச்சு சொன்னாரு. அது பாலும் பழமும் பாட்டு, 1961. மனுசன் கடைசி ரீல் வரைக்கும் இந்தா வரும் இந்தா வரும்னு உக்காந்திருந்தாரு.

இன்னொரு கூத்து பக்கத்து ரூம் மராத்தி காகா. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, ஆனா படத்துல ஒரு பொம்மை சீன் வந்ததுமே "அரே, ஏ தோ ஆத்மி ஹை!"ன்னு கத்திட்டாரு. இதே கதைய 1968ல ஹிந்தியில 'ஆத்மி'ங்கிற பேர்ல திலீப் குமார், மனோஜ் குமார், வஹீதா ரஹ்மான் வச்சு எடுத்தாங்கல்ல, அதை பாத்தவரு. அப்புறம் அவரு வாய யாரு மூடுறது, சிவாஜி நல்லா நடந்துட்டு இருக்கும்போதே தன் முட்டிய தட்டி தட்டி காமிச்சு கால் போகப்போகுதுன்னு சைகை, எங்கம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க.

ஆனா நான் சொல்ல வந்தது இது இல்ல. எங்கப்பாவுக்கு ஒரு கூட்டாளி, எனக்கு மாமா, சொந்தம் கிடையாது, ஒரே ஊரு, ஒரே தோல் பட்டறை, ஒரே ரூமு. அப்பாவுக்கு கல்யாணம் ஆகி அம்மா ஊர்லருந்து வந்த அன்னைக்கு இவரு டிரங்க் பெட்டிய தூக்கிட்டு பட்டறைக்கே போயிட்டாரு. அங்க மேல பலகைத் தட்டுல, தோல் கட்டுக்கு நடுவுல பதினோரு வருசம் படுத்தாரு. சட்டையெல்லாம் அந்த வாடை தான், எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாது.

படத்துல சேகர் (எஸ்.எஸ்.ஆர்) தன் காதல வெளிய சொல்லாம நண்பன் சிவாஜிக்காக ஒதுங்குறான் பாருங்க, அப்ப காகா கூட கம்முன்னு இருந்தாரு. அம்மா எந்திரிச்சு போயி டீ போட்டாங்க. எப்பவும் முதல் கிளாஸ் அப்பாவுக்கு தான், அன்னைக்கு நேரா மாமாகிட்ட நீட்டுனாங்க. அவரு "எனக்கு எதுக்கு தங்கச்சி இப்ப"ன்னு வாங்கி அப்பா கையில குடுத்துட்டு டிவிய பாத்தாரு.

சிவாஜிய எல்லாரும் பேசுறோம், சரிதான், வீல்சேர்ல உக்காந்து சந்தேகத்துல வேகுற அந்த மூஞ்சி வேற யாருக்கும் வராது. ஆனா எஸ்.எஸ்.ஆர் பேசாம நின்னே பாதி படத்தை தாங்குறாரு, என் கணக்கு அது.

செம்பூர்வாசி: மாட்டுங்கா அரோரா தியேட்டர்ல தமிழ்ப்படம் பாத்து வளந்த ஆளு நான், இத மட்டும் டிவியில தான் பாத்தேன். 'கல்லெல்லாம் மாணிக்கக் கல்லாகுமா'ல டி.எம்.எஸ் பாடுறப்ப எல்.ஆர்.ஈஸ்வரி ஒரு வார்த்தை பாடல, வெறும் ஹம்மிங், அதுக்கே ரிவைண்ட் பண்ணலாம். படத்தை தயாரிச்சது யாரு தெரியும்ல? வில்லன் சிரிப்பு பி.எஸ்.வீரப்பா! ஒரே ஒரு குறை, தியாகம் தியாகம்னு ரெண்டு ஆம்பளைங்களும் உருகுறானுங்க, அவனுங்க ஆசப்பட்ட மீனாகிட்ட (சரோஜாதேவி) ஒருத்தனாச்சும் கேட்டானா?

சயான்காரி: கேக்கல. என் மாமியாரும் இதே தான் சொல்வாங்க, சொல்லிக்கிட்டே அழுவாங்க.

(ஆரம்பிச்சவன்): கேள்வி நியாயம் தான். நேத்து அம்மாவுக்கு போன் போட்டு, அன்னைக்கு டீய ஏம்மா முதல்ல மாமாவுக்கு குடுத்தன்னு கேட்டேன். "அந்த பதினோரு வருசமும் ரூம் வாடகையில பாதி அவரு தாம்ல குடுத்தாரு, ஒனக்கு தெரியாதா"ன்னாங்க.