டவுன் நோய்க்குறியுள்ள மகனின் கைகளில் கால்சியக் குருணைகள்: பாலை நிறுத்தலாமா?

கேள்வி (கோபிசெட்டிபாளையம் அருகிலிருந்து ஒரு தாய்)

டவுன் நோய்க்குறியுடன் பிறந்த என் மகனுக்கு ஏழு வயது. நான்கு மாதங்களாக அவனுடைய புறங்கையிலும் விரல்களிலும் அரிசிக் குருணை போன்ற வெண்ணிறப் புடைப்புகள் தோன்றுகின்றன. வலியோ அரிப்போ இல்லை. பாலுண்ணி என்று எண்ணி அம்மான் பச்சரிசிச் செடியின் பாலைத் தடவிப் பார்த்தோம். தோல் மருத்துவர் ஒன்றை எடுத்து ஆய்வுக்கு அனுப்பிய பிறகு, தோலில் கால்சியம் படிந்துள்ளது என்றார். எங்கள் தோட்டத்து ஆழ்குழாய்க் கிணற்று நீர் பாத்திரமெல்லாம் வெள்ளைப் படிவு விடுவதால் அதுவே காரணம் என்கிறார் என் அம்மா. பாலையும் கேழ்வரகுக் களியையும் நிறுத்தச் சொல்கிறார். நிறுத்தலாமா?

பதில் 1 (குழந்தை மருத்துவர், ஈரோடு)

நிறுத்த வேண்டாம், சகோதரி. பாராதைராய்டு ஹார்மோனும் வைட்டமின் டி-யும் இரத்தத்தின் கால்சியத்தைக் குறுகிய எல்லைக்குள் வைத்திருப்பதால், உப்புத் தண்ணீர் குடித்ததற்காகத் தோலில் சுண்ணாம்பு கட்டுவதில்லை. டவுன் நோய்க்குறியுள்ள குழந்தைகளின் கைகால்களில் இத்தகைய சிறு படிவுகள் வருவது மருத்துவ உலகம் அறிந்ததே. அவர்களுக்கு இரத்தத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் இயல்பான அளவிலேயே இருக்கும். சில குருணைகள் சுண்ணப்பொடி போலத் தாமே தோலைத் துளைத்து வெளியேறிச் சிறு தழும்பை விடலாம். பெரும்பாலானவை வளர்ந்து ஆளாவதற்குள் மறைந்துவிடும். ஆயினும் இரத்தத்தின் கால்சியம், பாஸ்பேட் அளவுகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பதில் 2 (மரபியல் துறையில் பணிபுரிபவர், கோயம்புத்தூர்)

மருத்துவர் கூறியது இந்தச் சிறுவனுக்குப் பொருந்தும். இதைப் படிக்கும் பிற பெற்றோர் எல்லாப் படிவையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜிஎன்ஏஎஸ் மரபணு பழுதுபட்ட சில குழந்தைகளுக்குத் தோலுக்கடியில் உருவாவது வெறும் கால்சியம் அன்று, எலும்பே. குட்டையான உடல், உருண்டை முகம், கையை மூடினால் மோதிர விரலின் கணு குழிந்து தெரிதல் ஆகியவை அதன் அடையாளங்கள். அவர்களுள் பலருக்கு இரத்தத்தில் கால்சியம் குறைந்தே இருக்கும் என்பதால், படிவைக் கண்டு பாலை நிறுத்துவது தீங்காகவே முடியும். மாறாக, ஜிஏஎல்என்டி3 மரபணுக் கோளாறில் பாஸ்பேட் உயர்ந்து, முழங்கை, இடுப்பு மூட்டுகளைச் சுற்றிப் பெரிய கட்டிகள் வரும். பாலில் பாஸ்பேட்டும் இருப்பதால், அங்குதான் மருத்துவரே பாலைக் குறைக்கச் சொல்லக்கூடும். பிறவியிலேயே கால் பெருவிரல் குட்டையாகவோ வளைந்தோ இருந்து, பின்னர் முதுகிலோ கழுத்திலோ வீக்கம் கண்டால், எவரையும் அதை அறுத்துப் பார்க்க அனுமதிக்காதீர்கள். 2006-இல் ஏசிவிஆர்1 மரபணுவுடன் தொடர்புபடுத்தப்பட்ட, தசையும் தசைநாரும் எலும்பாக மாறும் நோய் அது; அதில் அறுவையும் தசையில் போடும் ஊசியும் புதிய எலும்பு வளர வழிவகுத்துவிடும்.

பதில் 3 (ஒரு தந்தை, பொள்ளாச்சி)

என் மகளுக்கும் டவுன் நோய்க்குறி உண்டு. இதே குருணைகள் வந்தன. நான் ஊசியால் நெம்பி எடுக்கப்போய், சீழ் பிடித்துப் பத்து நாள் மருந்து கொடுக்க நேர்ந்தது. தொடாமல் விட்டவை தாமாகவே உதிர்ந்தன.

கேள்வி கேட்டவர்

கால்சியம் 9.6, பாஸ்பரஸ் (பாஸ்பேட் அளவு) 4.8 என்று முடிவு வந்துள்ளது. இரண்டும் இயல்பே என்றார் மருத்துவர். களி தொடர்கிறது. பேரனுக்கு மட்டும் தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டித்தான் தருவேன் என்று அமத்தா பிடிவாதமாக இருக்கிறார். அதில் கெடுதல் ஒன்றுமில்லை என்பதால் விட்டுவிட்டேன்.