நெஞ்சுவலிக்கு ஆஞ்சியோ பார்க்கச் சொல்கிறார்கள், காப்பீடு எதுவும் இல்லை. குறுவை அறுவடை வரை தள்ளலாமா?

காயில்கடை, மன்னார்குடி பக்கம்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 47, பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். சர்க்கரை இருக்கிறது, மாத்திரை போடுகிறேன், சீசன் நேரத்தில் சில நாள் விட்டுப்போகும். போன வாரம் இரவு சாப்பிட்டுப் படுத்த பிறகு நெஞ்சு நடுவில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. இடது கை, தாடை வரைக்கும் வந்தது, சட்டை நனைகிற அளவு வியர்வை. கேஸ் என்று நினைத்து சோடா குடித்தேன், கேட்கவில்லை. மச்சான் வண்டி எடுத்துவந்து உள்ளூர் டாக்டரிடம் கூட்டிப்போனார். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, நாலைந்து மாத்திரையை ஒன்றாகக் கொடுத்து, உடனே தஞ்சாவூர் போகச் சொல்லிவிட்டார்.

தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. எக்கோ எடுத்தார்கள், டிரோபோனின் லேசாக ஏறியிருக்கிறது என்றார்கள், இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று ஆஞ்சியோகிராம் பார்த்தே ஆக வேண்டும் என்றார்கள். பார்க்க மட்டும் 18 ஆயிரம், அடைப்பு இருந்து, குழாயைத் திறந்து வைக்கிற ஸ்டென்ட் வைத்தால் இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகும், முதலில் ஒரு லட்சம் கட்டுங்கள் என்றார்கள். எங்கே போவது? ஊரில் எனக்கு வர வேண்டிய பாக்கியே ஒரு லட்சத்தைத் தாண்டும். எல்லோரும் குறுவை அறுத்து டிபிசியில் (அரசு நெல் கொள்முதல் நிலையத்தில்) நெல்லைப் போட்டதும் தருகிறேன் என்று சொன்னவர்கள்தான், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வலி நின்றுவிட்டதால் எங்கள் பொறுப்பில் போகிறோம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம்.

கேட்க வந்தது இதுதான். மாத்திரை போட்டுக்கொண்டே ஒன்றரை மாதம் ஓட்டிவிட்டு, பாக்கி வசூலானதும் பார்த்துக்கொள்ளலாமா? மனைவி நகையைக் கூட்டுறவு பேங்கில் வைக்கலாம் என்கிறாள், எனக்கு மனது வரவில்லை. வங்கிக் கணக்கில் வருடா வருடம் 436 ரூபாயும் 20 ரூபாயும் இன்சூரன்ஸ் என்று பிடிக்கிறார்கள், அது இதற்கு உதவுமா? நேற்று மாடி ஏறும்போது லேசாக ஒரு பிடிப்பு இருந்தது, உட்கார்ந்ததும் போய்விட்டது.

---

மருந்துக்கடை, ஒரத்தநாடு:

அண்ணா, கடைசி வரியை ஏன் கடைசியில் எழுதினீர்கள்? அதுதான் முதல் வரி. டிரோபோனின் ஏறியிருக்கிறது என்றால் இதயத் தசையில் கொஞ்சம் ஏற்கனவே அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு மாடி ஏறினால் பிடிக்கிறது என்றால் ரத்தம் போகிற வழி இன்னும் சரியாகவில்லை. இந்த வகைக்கு ஆஞ்சியோவை ஒன்றிரண்டு நாளுக்குள் பார்ப்பார்கள், ஒன்றரை மாதம் கழித்து இல்லை. மூன்று பேஸ் கரண்டில் ஒன்று போன பிறகும் மோட்டார் சுற்றுகிறதே என்று விட்டால் காயில் என்னாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பணத்தை அப்புறம் பேசுவோம். இன்றைக்கே தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி கேஷுவால்டிக்குப் போங்கள். வல்லம் ரோட்டில் இருப்பது. டவுனுக்குள் இருக்கிற ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியில் போய் இறங்கிவிடாதீர்கள், பெரியாஸ்பத்திரி என்று சொன்னால் சில ஆட்டோக்காரர்கள் அங்கே கொண்டுபோய் விடுகிறார்கள். மெடிக்கலில் இருதயப் பிரிவு, ஆஞ்சியோ பார்க்கிற கேத் லேப் எல்லாம் இருக்கிறது. அட்மிஷன், ஈசிஜி, ஊசி, மருந்துக்கெல்லாம் யாரும் கார்டு கேட்க மாட்டார்கள். ஸ்டென்ட் வைக்கிற கட்டம் வரும்போதுதான் முதலமைச்சர் காப்பீட்டு எண் கேட்பார்கள், அதை நீங்கள் படுத்திருக்கும்போதே வீட்டில் இருப்பவர்கள் வாங்கலாம்.

தனியாரில் எடுத்த ஈசிஜி, எக்கோ, ரத்த ரிப்போர்ட், என்னென்ன மாத்திரை கொடுத்தார்கள் என்கிற சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். பைக்கில் போகாதீர்கள். போகிற வழியில் வலி வந்தாலோ, இப்போதே வந்தாலோ 108. அவர்களிடம் "நெஞ்சுவலி, ஏற்கனவே டிரோபோனின் பாசிட்டிவ்" என்று சொல்லுங்கள்.

---

வாய்வுமருந்து, வலங்கைமான்:

எனக்கும் இதே மாதிரி வந்தது, இஞ்சிச் சாறும் பூண்டுப் பாலும் குடித்து ஒரே வாரத்தில் சரியாகிவிட்டது. டாக்டர்கள் பயமுறுத்துவார்கள் அண்ணே, அவசரப்படாதீர்கள்.

---

மருந்துக்கடை, ஒரத்தநாடு:

உங்களுக்கு வந்தது வாய்வாக இருக்கலாம், சந்தோஷம். இவருக்கு ரத்தப் பரிசோதனையே சொல்லிவிட்டது. சர்க்கரைக்காரர்களுக்கு வலி தெரியாமலே அட்டாக் வருவதும் உண்டு, இவருக்குத் தெரிந்ததே நல்லதுதான். தயவுசெய்து இங்கே பூண்டு வேண்டாம்.

---

குத்தாலம்காரி:

தம்பி, மேலே அவர் சொன்ன மாதிரி முதலில் கிளம்புங்கள், இதை வண்டியில் போய்க்கொண்டே படியுங்கள். என் வீட்டுக்காரருக்கு இரண்டு வருடம் முன்னால் ஸ்டென்ட் வைத்தோம், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலமைச்சர் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. வருட வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும், முன்னே 72,000 என்று இருந்ததைக் கூட்டினார்கள். உங்களிடம் விஏஓ கொடுக்கும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, குடும்பத்தில் எல்லோருடைய ஆதார், இது மூன்றும் இருந்தால் திருவாரூர் கலெக்டர் ஆபீசில் இருக்கிற காப்பீட்டுத் திட்ட அறையில் பதிவு செய்வார்கள். ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகியிருக்கிறார் என்கிற சீட்டையும் கொண்டுபோனால் அவசரம் அவர்களுக்கும் புரியும். அதற்கு முன்னால் வீட்டுப் பீரோவைக் கிளறுங்கள். 2009இல் கலைஞர் காப்பீடு என்று ஆரம்பித்து 2012இல் பெயர் மாறிய திட்டம் இது, பழைய கார்டு ஏதாவது கிடக்கும், உங்கள் பெயர் இன்னும் அதே ரேஷன் கார்டில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கல்யாணமாகித் தனிக் கார்டு வாங்கியிருந்தால் அப்பா கார்டு செல்லாது, புதிதாகத்தான் எடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் 1800 425 3993க்குப் போன் போடுங்கள், காசு கிடையாது.

இதே கார்டை வைத்துத் தனியாரிலும் செய்யலாம், பட்டியலில் இருக்கிற ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும். ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் போன இடத்தில் காப்பீட்டில் செய்கிறோம் என்று சேர்த்துக்கொண்டு, பிறகு "நல்ல ஸ்டென்ட் வேண்டுமென்றால் மேலே எழுபதாயிரம்" என்றார்கள். அதெல்லாம் பேச்சு. 2017 பிப்ரவரியிலிருந்து ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு உச்ச விலை வைத்திருக்கிறது, மருந்து பூசிய ஸ்டென்ட்டே அப்போது 29,600. வருடா வருடம் கொஞ்சம் ஏறினாலும் 2025இல்கூட 40 ஆயிரத்தைத் தொடவில்லை. நான் பில்லில் ஸ்டென்ட் பெயரும் விலையும் தனியாக எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன், பிறகு அந்த எழுபதாயிரம் பேச்சே வரவில்லை. கோபமாகப் பேச வேண்டியதில்லை, எழுதிக் கொடுங்கள் என்றால் போதும்.

அரசு ஆஸ்பத்திரி என்றால் காத்திருக்க வேண்டும், கட்டில் கிடைக்காமல் தரையில் பாய் போட்டும் படுக்க நேரும், கூட இருக்கிறவருக்குத் தூக்கம் போகும். அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள். நகையை இப்போதைக்கு வைக்காதீர்கள், வைத்துத்தான் ஆக வேண்டும் என்று வந்தாலும் கூட்டுறவு பேங்கோடு நிறுத்துங்கள். மீட்டர் வட்டிக்காரன் உங்கள் நோவைக் கேள்விப்பட்டு அவனாகவே வீட்டு வாசலுக்கு வருவான்.

---

பாலிசி தாத்தா, நீடாமங்கலம்:

ரொம்ப நாள் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தவன் நான். 436 ரூபாய் என்பது பிரதமர் பெயரில் இருக்கும் ஆயுள் காப்பீடு, ஆள் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். 20 ரூபாய் விபத்துக்கு. இரண்டும் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு பைசா தராது. இது தெரியாமல் இருப்பவர்கள் டெல்டாவில் பாதிப் பேர், பேங்கில் யாரும் சொல்வதும் இல்லை.

இன்னொன்று. உங்களுக்கு யாராவது வந்து "இப்போதே ஒரு மெடிக்கல் பாலிசி போட்டுவிடுங்கள், நெஞ்சுவலி வந்ததைச் சொல்ல வேண்டாம்" என்பார்கள். போடாதீர்கள். முதல் 30 நாள் விபத்தைத் தவிர எதற்கும் கிடைக்காது. ஏற்கனவே இருக்கும் நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்க வைக்கலாம், 2024க்கு முன் 48 மாதமாக இருந்தது. மறைத்தால், கிளெய்ம் வரும்போது பழைய ஈசிஜி தேதியைப் பார்த்து மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள், கட்டின பிரீமியமும் போகும். உண்மையைச் சொல்லிப் போடலாம், பிரீமியம் கூடும், சில கம்பெனி மறுக்கும். ஆனால் நோய் இல்லாத மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இப்போதே தனியாக ஒன்று போட்டுவைப்பதில் தவறில்லை. அது ஊருக்குத் திரும்பி வந்த பிறகு.

---

காயில்கடை, மன்னார்குடி பக்கம்:

இது அவருடைய போன், நான் அவருடைய மனைவி எழுதுகிறேன். மெடிக்கலில் சேர்த்துவிட்டோம். வந்த அன்று ராத்திரியே மறுபடி வலி வந்தது, ஈசிஜி மாறியிருக்கிறது என்றார்கள், வயிற்றில் ஊசி போட்டு மானிட்டர் மாட்டியிருக்கிறார்கள். இப்போது வலி இல்லை. நாளை மறுநாள் ஆஞ்சியோ என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார இடம் இல்லை, வராந்தாவில் இருக்கிறேன், அதனால் என்ன. பழைய கார்டு எதுவும் கிடைக்கவில்லை. என் தம்பி விஏஓவிடம் போனபோது கடை இருக்கிறதே, வருமானம் எப்படி லட்சத்து இருபதுக்குள் வரும் என்று கேட்டாராம். என்ன பதில் சொல்வது? பொய் சொல்லவும் பயமாக இருக்கிறது.

---

குத்தாலம்காரி:

பொய் வேண்டாம்மா. கடையில் வந்து போகிற பணம் வேறு, மிஞ்சுகிற பணம் வேறு. செம்புக் கம்பி வாங்கின பில், கடை வாடகை, உதவியாளுக்குக் கொடுக்கிற கூலி, இதை ஒரு தாளில் எழுதி, வராத பாக்கி நோட்டையும் தம்பி கையில் கொடுத்து அனுப்புங்கள். கணக்கைப் பார்த்த பிறகு அவர் முடிவு செய்யட்டும். நிஜமாகவே தாண்டிவிட்டது என்றால் வார்டு டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள், கார்டு இல்லை என்று பாதியில் யாரும் வெளியே அனுப்பமாட்டார்கள், ஸ்டென்ட்டுக்கு மட்டும் எவ்வளவு ஆகும் என்று கேட்டு வையுங்கள். அப்போது நகையைப் பற்றி யோசிக்கலாம், அதுவும் அந்த அளவுக்கு மட்டும்.

---

மருந்துக்கடை, ஒரத்தநாடு:

அக்கா, வார்டில் இருக்கிற காப்பீட்டுப் பிரிவு ஆளிடம் இன்றைக்கே பெயரைக் கொடுத்துவையுங்கள், ஆஞ்சியோ முடிந்த பிறகு தேடிக்கொண்டு போக வேண்டாம். ஸ்டென்ட் வைத்தார்கள் என்றால் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை தருவார்கள், அதை டாக்டர் சொல்கிற வரை ஒரு நாள்கூட விடக்கூடாது, பெரும்பாலும் ஒரு வருடம். அண்ணன் சர்க்கரை மாத்திரையையே சீசனில் விடுகிறவர், அதனால் டப்பா உங்கள் கையில் இருக்கட்டும். ஆஸ்பத்திரியிலேயே மாதா மாதம் தருவார்கள், தஞ்சாவூர் வர முடியாத மாதத்தில் முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ கேளுங்கள், விலை வெளிக்கடையை விடக் குறைவு. எங்கள் கடையை விடவும்தான்.

---

காயில்கடை, மன்னார்குடி பக்கம்:

பெயர் கொடுத்துவிட்டேன் தம்பி. விஏஓ கணக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார், நாளைக் காலை என் தம்பி திருவாரூர் போகிறான். அவனுக்கு ரேஷன் கார்டில் பெயர் இல்லை, அவன் போனால் பதிவார்களா, நான் போக வேண்டுமா?

---

குத்தாலம்காரி:

நீங்களே போவது நல்லது, கார்டில் பெயர் இருக்கிறவர் போட்டோ எடுக்கக் கேட்பார்கள். தம்பியை வார்டில் விட்டுவிட்டு முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். ஆதாருக்கு ஒரிஜினல், ஜெராக்ஸ் இரண்டும்.