ஹைட்ரஜனைத் திண்மப் பொருளில் சேமிப்பதற்குத் தடையாக இருப்பது எது?

கேள்வி:
ஒரு கிலோ ஹைட்ரஜனில் ஏறத்தாழ 120 மெகாஜூல் ஆற்றல் உண்டு. பெட்ரோலில் 44 அளவே. ஆனால் வாயுவாக அது அடைக்கும் இடம் மிகப் பெரிது என்பதால், வாகனங்களில் 700 பார் அழுத்தத்தில் நிரப்புகிறார்கள், அல்லது மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்குகிறார்கள். மெக்னீசியமும் ஹைட்ரஜனும் பிணைந்த திண்மமான மெக்னீசியம் ஹைட்ரைடின் எடையில் 7.6 விழுக்காடு ஹைட்ரஜன் என்கிறார்கள். அப்படியிருந்தும் உயரழுத்தத் தொட்டிகளின் இடத்தை அது ஏன் பிடிக்கவில்லை?

மறுமொழி 1:
கொள்ளளவு போதுமானதுதான், பிடிதான் இறுக்கம். மெக்னீசியத்திடமிருந்து ஒரு மோல் (ஏறத்தாழ 2 கிராம்) ஹைட்ரஜனைப் பிரிக்க ஏறத்தாழ 75 கிலோஜூல் வெப்பம் வேண்டும், அதுவும் 300 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில். நிரப்பும்போது அதே வெப்பம் வெளியேறும். ஐந்து கிலோவை ஐந்து நிமிடத்தில் நிரப்பினால் 600 கிலோவாட்டுக்கும் மேலான வெப்பத்தை அகற்றியாக வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். பலரும் வினையூக்கியைத் தீர்வாகச் சொல்வார்கள். நுண்துகளாக அரைத்து நையோபியம் ஆக்சைடு போன்றவற்றைச் சேர்த்தால் வினை விரைவாகும் என்பது உண்மை. ஆனால் வினையூக்கி வேகத்தைக் கூட்டுமே தவிர, பிணைப்பின் வலிமையைக் குறைக்காது.

மறுமொழி 2:
உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்த நுண்துளைத் திண்மங்களான உலோக-கரிமச் சட்டகங்களின் சிக்கல் இதற்கு நேர்மாறானது. இவற்றை உருவாக்கியதற்காகவே கிட்டகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் 2025-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவற்றின் ஒரு கிராமுக்குள் ஆயிரக்கணக்கான சதுர மீட்டர் பரப்பு இருந்தாலும், ஹைட்ரஜன் அதில் மிகத் தளர்வாகவே ஒட்டுகிறது. ஆகவே திரவ நைட்ரஜனின் குளிரில் நன்றாகத் தேங்கும் வாயு, அறை வெப்பநிலையில் பெரும்பாலும் நழுவிவிடுகிறது. உலோக அயனிகள் திறந்திருக்கும்படி சட்டகங்களை வடிவமைத்து, இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் இடைப்பட்ட பிடியைத் தேடுவதே இன்றைய ஆய்வின் மையம் என்று கருதுகிறேன்.

கேள்வி கேட்டவர்:
வாகனத்தை விட்டுவிட்டு, ஓரிடத்தில் நிலையாக வைக்கும் சேமிப்புக்கும் இதே தடைதானா?

மறுமொழி 1:
அங்கே எடை அவ்வளவு பொருட்டல்ல. லாந்தனம்-நிக்கல் உலோகக் கலவை தன் எடையில் 1.4 விழுக்காடு ஹைட்ரஜனை மட்டுமே ஏற்கும். ஐந்து கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 350 கிலோ உலோகம் தேவைப்படும். ஆனாலும் அது அறை வெப்பநிலையை ஒட்டி, குறைந்த அழுத்தத்திலேயே இயங்கும். ஜெர்மனியின் 212 வகை நீர்மூழ்கிகள் உலோக ஹைட்ரைடு உருளைகளைத்தான் பயன்படுத்துகின்றன. மெக்னீசியத்தையும் அங்கே ஒதுக்க வேண்டியதில்லை: 600 டிகிரிக்கு மேல் இயங்கும் திண்ம ஆக்சைடு எரிபொருள் கலத்துடன் (ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவி) இணைத்தால், கலத்தின் கழிவு வெப்பத்தைக் கொண்டே ஹைட்ரஜனை விடுவிக்கலாம்.