கூட்டக் குறிப்பும் வந்தவர் தொடர்பு எண்களும்: ஏர்டேபிளில் நாலு அட்டவணையா, கூகுள் ஷீட்டே போதுமா?

சத்துவாச்சாரி பேஸ் 2

வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி, அல்லாபுரம் பக்கத்துக் குடியிருப்போர் நலச் சங்கங்கள் சேர்ந்த கூட்டமைப்புக்கு இதைக் கேட்கிறேன். மாதம் ஒரு கூட்டம், வருவோர் சுமார் 25 பேர். தொடர்பு எண்கள் 180 வரை இருக்கும்: சங்கப் பிரதிநிதிகள், மாநகராட்சி மற்றும் மின்வாரிய அலுவலர்கள், ஒப்பந்ததாரர்கள். ஒரு கூட்டத்துக்கு எட்டு வேலையாவது யார் பொறுப்பு என்று முடிவாகும். எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் கிடக்கிறது. கோடிங் தெரிந்தவர் யாரும் இல்லை. ஏர்டேபிள், நோஷன், கூகுள் ஷீட், எது சரி? எப்படிப் பிரிப்பது?

பாலாற்றங்கரை

ஏர்டேபிள். ஒரு அட்டவணையின் வரியை இன்னொன்றின் வரியோடு லிங்க் செய்ய விடும் இணையக் கருவி அது. நாலு அட்டவணை போடுங்கள்: ஆட்கள், கூட்டங்கள், வருகை, வேலைகள்.

ஆட்கள் அட்டவணையில் பெயர், இனிஷியல், சங்கம், தெரு, கைபேசி. கூட்டங்களில் தேதி, இடம், பொருள், குறிப்பு. வருகையில் ஒரு ஆள், ஒரு கூட்டம், இரண்டையும் லிங்க் செய்த ஒரு வரி. கூடவே "யார் சார்பில் வந்தார்", "தகவல் சொல்லி வராதவரா" என்று இரண்டு ஃபீல்டு. வேலைகளில் வேலை, பொறுப்பாளர் லிங்க், எந்தக் கூட்டத்தில் முடிவானது என்ற லிங்க், கெடு தேதி, நிலை. இப்படி வைத்தால் ஒருவரின் வரியைத் திறந்ததும் அவர் வந்த கூட்டங்களும் அவர் தலையில் இருக்கும் வேலைகளும் தானாகத் தெரியும்.

கூட்டத்தின் பெயர் ஃபீல்டைக் கையால் அடிக்காதீர்கள். ஃபார்முலாவாக வையுங்கள், வருடம் முதலில் வரட்டும்: "2025-03-02 பொதுக்குழு". அப்போதுதான் அகர வரிசையும் தேதி வரிசையும் ஒன்றாக இருக்கும். தேதி ஃபீல்டை ஃபார்முலாவில் நேரடியாகச் சேர்த்தால் மணி, நிமிடத்தோடு நீளமாக ஒட்டிக்கொண்டு வரும். டேட்டைம்-ஃபார்மட் போட்டுச் சுருக்க வேண்டும்.

நோஷன் குறிப்பு எழுத நல்லது, லிங்க் வசதியும் உண்டு. ஆனால் இலவசத் திட்டத்தில் ஒருவர் தனியாக எழுதும் வரைதான் பக்க அளவுக்குக் கட்டுப்பாடு இல்லை. இரண்டாவது ஆளை உறுப்பினராகச் சேர்த்ததும் வரம்பு வந்துவிடும். ஒரு கோப்புக்கு 5 எம்பிதான். ஸ்கேன் செய்த மனுக்களுக்கு அது போதாது.

குடியாத்தம் தறி

சார், இதுக்கு ஏர்டேபிள் தேவையே இல்ல. கணக்கு போட்டுப் பாருங்க. இலவசத் திட்டத்துல ஒரு பேஸுக்கு 1,000 வரிதான், எல்லா அட்டவணையும் சேத்து. ஆட்கள் 180. வருஷத்துக்குக் கூட்டம் 12, வருகை 25 பேர் வீதம் 300, வேலை 96. ஆக வருஷம் 408. ரெண்டு வருஷம் முடிஞ்சா 996. மூணாவது வருஷம் முதல் கூட்டத்துலயே காசு கேப்பான், அதுவும் டாலர்ல, எடிட் பண்ற ஒவ்வொரு ஆளுக்கும் மாசா மாசம். எந்தச் சங்கத்துப் பொருளாளர் இதுக்கு வவுச்சர் போடுவார்?

ஷீட்ல ஒரு கோடி கட்டம் வரைக்கும் போகலாம். ஒரு தாள்ல பேரு கீழ்வாக்குல, கூட்டத் தேதி குறுக்குவாக்குல, நடுவுல டிக்பாக்ஸ். நம்ம வருகைப் பதிவேடு மாதிரியே இருக்கும், பாத்த உடனே எல்லாருக்கும் புரியும். கடைசில கவுண்ட்இஃப் போட்டா யார் எத்தனை கூட்டம் வந்தாங்கன்னு வந்துடும், கோரம் (கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) இருந்துச்சான்னும் தெரியும். வேலைகளுக்கு இன்னொரு தாள். கூட்டக் குறிப்பைத் தனியா கூகுள் டாக்ஸ்ல எழுதி லிங்க்கை மட்டும் ஒட்டணும். ஒரு கட்டத்துல 50,000 எழுத்து வரைக்கும் பிடிக்கும்தான், ஆனா போன்ல யாராலயும் படிக்க முடியாது.

பாலாற்றங்கரை

வரிக் கணக்கு சரி. ஆனால் அந்த டிக்பாக்ஸ் தாளில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. பெயர்கள் "ஆட்கள்" தாளில் இருந்து ஃபார்முலா மூலம் வந்து, டிக் மட்டும் இங்கே கையால் போடப்பட்டால், யாராவது ஆட்கள் தாளை அகர வரிசைப்படுத்திய அந்த நொடியில் பெயர்கள் நகரும், டிக் நகராது. யாரோ வந்த கூட்டத்துக்கு வேறு யாரோ வந்ததாகிவிடும். ஷீட் எந்தப் பிழையும் காட்டாது. கோரம் எண்ணிக்கை மாறாது என்பதால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியவே தெரியாது.

வரி வரம்புக்கும் வழி உண்டு. வருகை அட்டவணையையே எடுத்துவிட்டு, கூட்டங்கள் அட்டவணையில் "வந்தவர்கள்", "தகவல் சொல்லி வராதவர்கள்" என்று இரண்டு லிங்க் ஃபீல்டு வையுங்கள். ஒரு ஃபீல்டில் 25 பேரை லிங்க் செய்தாலும் வரி கூடாது. வருடத்துக்கு 108 வரிதான். ஏழு வருடம் தாங்கும்.

குடியாத்தம் தறி

> பெயர்கள் நகரும், டிக் நகராது

பேரை ஃபார்முலால இழுத்தா அப்படித்தான் ஆகும். அதனாலதான் பேரும் டிக்கும் ஒரே தாள்ல இருக்கணும்னு சொல்றேன், அப்போ வரிசைப்படுத்தினா முழு வரியும் சேர்ந்து நகரும். அதுக்கு மேல, ஃபில்டர் வியூவுல வரிசைப்படுத்தச் சொல்லுங்க. அவங்கவங்க பாக்கிறது மட்டும்தான் மாறும், அடித்தாள் அப்படியே இருக்கும். தலைப்பு வரியையும் எண் இருக்கிற நெடுவரிசையையும் புரொடெக்ட் பண்ணிட்டா பாதி வம்பு போச்சு.

நீங்க வருகை அட்டவணையை எடுத்துட்டா "யார் சார்பில் வந்தார்"ங்கிறது எங்க போகும்? சங்கத் தலைவர் வரல, அவருக்குப் பதிலா செயலாளர் வந்து கை தூக்கினார்னா அது ஓட்டுக் கணக்கு. அதை லிங்க் ஃபீல்டுல எழுத முடியாது. அதுக்காகத்தானே அந்த அட்டவணையே வேணும்னு மொதல்ல சொன்னீங்க?

விரிஞ்சிபுரம்

கருவி எதுவானாலும் முதலில் பெயரையும் எண்ணையும் ஒழுங்காக அடிக்க வேண்டும். அங்கே கோட்டை விட்டால் ஏர்டேபிளும் ஒன்றுதான், ஷீட்டும் ஒன்றுதான்.

இனிஷியலைத் தனி ஃபீல்டில் வையுங்கள். முன்னால் ஒட்டினால் "கே." என்று தொடங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே குவியலாகப் போய் நிற்பார்கள். "முருகன், கே" என்று காற்புள்ளி போடவே கூடாது. ஏர்டேபிள் லிங்க் ஃபீல்டில் ஒட்டும்போது காற்புள்ளியை வைத்துத்தான் ஆட்களைப் பிரிக்கிறது. முருகன் ஒருவர், கே இன்னொருவர் என்று இரண்டு பேரை உண்டாக்கிவிடும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் ஒட்டும்போது வேறு ஆளோடு லிங்க் ஆகிவிடும். அதனால் அடையாளப் பெயர் "பெயர் + தெரு" என்று இருக்கட்டும். கைபேசி எண்ணை அடையாளமாக வைப்பது நம் ஊரில் சரிவராது. ஒரே எண்ணைக் கணவனும் மனைவியும் கொடுத்திருப்பார்கள்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்துகளும் உண்டு. கௌரி என்பதைப் பலர் கெ, ள, ரி என்று அடிக்கிறார்கள். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. "கொ" என்பதும் அப்படியே. சில விசைப்பலகைகளில் ஒற்றைக் கொம்பும் காலும் இரண்டு குறிகளாகப் பதிவாகும், சிலவற்றில் ஒரே குறி. பார்க்க வேறுபாடே இல்லை, ஒப்பிட்டால் பொருந்தாது. டிடிபி கடையில் வானவில் எழுத்துருவில் அடித்த பழைய குறிப்புகளை அப்படியே ஒட்டினால் புரியாத குறிகளாகத்தான் விழும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

எண் விஷயம்: வேலூர் தரைவழி எண்ணில் 0416 இருக்கும். எண் வகை ஃபீல்டில் அடித்தால் முதல் பூஜ்யம் போய் 416 ஆகிவிடும். ஷீட்டில் அடிப்பதற்கு *முன்பே* நெடுவரிசையை பிளெயின் டெக்ஸ்ட் ஆக்க வேண்டும். அடித்த பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்பாது. எக்செலில் 91 சேர்த்து 12 இலக்கமாக அடித்தால் E+11 என்று முடியும் அடுக்குக்குறி வடிவத்தில் காட்டும். ஷீட்டின் லொக்கேலை (எந்த நாட்டு முறை என்ற அமைப்பை) இந்தியா என்று வைக்காவிட்டால் 03/07 என்பது மார்ச் 7 ஆகிவிடும். ஜூலை 3-இல் கெடு வைத்த வேலைக்கு நாலு மாதம் முன்பே "தாமதம்" என்று சிவப்பு விழும்.

மாவட்ட ஃபீல்டையும் ஒருமுறை பாருங்கள். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றானது. பழைய பட்டியலில் ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு, வாலாஜா ஒப்பந்ததாரர் முகவரியெல்லாம் இன்னும் "வேலூர் மாவட்டம்" என்றுதான் இருக்கும். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டை. மாவட்டத்தை வைத்து வடிகட்டினால் தவறான ஆட்கள் வருவார்கள்.

ஆற்காட்டு மேடு

இதுவரை யாரும் தொடாத ஒன்று: அலுவலர்கள். மின்வாரிய உதவிப் பொறியாளர், மாநகராட்சி சுகாதார ஆய்வாளர் போன்றவர்களை "ஆட்கள்" பட்டியலில் வைக்காதீர்கள். "பதவிகள்" என்று தனி அட்டவணை போடுங்கள். அவர்களுக்குத் துறை கொடுக்கும் சியுஜி எண் (அலுவலகக் குழு இணைப்புக் கைபேசி எண்) பதவிக்கு உரியது. ஆள் மாறுதலில் போனாலும் எண் அங்கேயே இருக்கும், அடுத்து வருபவர்தான் எடுப்பார். பதவி, அலுவலகம், சியுஜி எண், இப்போது இருப்பவர், எந்தத் தேதியிலிருந்து. இவ்வளவு போதும், முப்பது வரிக்கு மேல் போகாது.

குடியாத்தம் தறி

இது நல்ல யோசனை. ஷீட்லயும் செய்யலாம். ஆள் மாறினா பேரை அழிச்சுட்டு புதுப் பேரை எழுதிட வேண்டியதுதானே?

ஆற்காட்டு மேடு

அழிக்கக் கூடாது. அங்கேதான் ஆபத்து. ஜனவரிக் கூட்டத்தில் உதவிப் பொறியாளர் வந்து, மார்ச்சுக்குள் புது டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதாகச் சொன்னார் என்று வையுங்கள். பிப்ரவரியில் அவருக்கு மாறுதல். நீங்கள் பெயரை மாற்றி எழுதியதும் ஜனவரிக் குறிப்பில் லிங்க் வழியாகப் புதியவர் பெயர் ஏறிவிடும், அவர்தான் வாக்குக் கொடுத்தவர் என்று. ஏப்ரலில் அந்த நகலோடு போய் நின்றால், "நான் அப்போது இந்த ஊரிலேயே இல்லையே" என்பார். அவர் சொல்வது உண்மை. மனு அங்கேயே விழுந்துவிடும்.

வேறு அட்டவணையிலிருந்து விவரத்தை இழுத்துக் காட்டும் ஏர்டேபிள் லுக்கப் ஆனாலும் ஷீட் எக்ஸ்லுக்கப் ஆனாலும் இன்றைய நிலையைத்தான் காட்டும். தொடர்புப் பட்டியலுக்கு அதுதான் வேண்டும். கூட்டக் குறிப்புக்கு அதுவே கூடாது.

பாலாற்றங்கரை

ஆமாம், லிங்க் மட்டும் போதும் என்ற என் முதல் அமைப்பில் இதற்கு இடமில்லை. ஆனால் ஏர்டேபிளிலேயே அடைக்கலாம். கூட்டங்கள் அட்டவணையில் "அன்றைய பட்டியல்" என்று ஒரு நீள உரை ஃபீல்டு, "ஒப்புதல்" என்று ஒரு செக்பாக்ஸ். ஒப்புதல் விழுந்ததும் வந்தவர்களின் பெயர், பதவி, சங்கம் மூன்றையும் உரையாக அந்த ஃபீல்டில் எழுதும்படி ஆட்டோமேஷன் வையுங்கள். மாதம் 100 ஓட்டம் இலவசம், உங்களுக்கு மாதம் ஒன்றுதான் ஆகும். பிறகு லிங்க் எப்படி மாறினாலும் உரை மாறாது. "யார் சார்பில்" என்பதையும் ஒப்புதலுக்கு முன் அதே கூட்டத்தின் குறிப்பில் பெயர் பெயராக எழுதிவிட்டால், தறி கேட்ட ஓட்டுக் கணக்குக்கும் ஆதாரம் இருக்கும்.

குடியாத்தம் தறி

ஆதாரம்னா அது கையெழுத்துப் போட்ட தீர்மானப் புத்தகம்தான் சார். பதிவான சங்கங்கள் 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. பதிவாளர் ஆபீஸ்ல ஏர்டேபிள் லிங்க்கைக் காட்ட முடியாது. என் வழியில கூகுள் டாக்ஸ்ல எழுதின குறிப்பு எழுதினபடியே நிக்கும், எந்த லுக்கப்பும் அதைத் தொடாது. கூட்டம் முடிஞ்ச அன்னிக்கே ஏ4-ல பிரிண்ட் எடுத்து, புத்தகத்துல ஒட்டி, தலைவரும் செயலாளரும் பாதி ஒட்டின தாள்லயும் பாதி புத்தகப் பக்கத்துலயும் படுற மாதிரி கையெழுத்துப் போடணும். அப்போ தாளைக் கிழிச்சு மாத்த முடியாது. எந்த ஆட்டோமேஷனும் இதுக்கு ஈடாகாது.

சத்துவாச்சாரி பேஸ் 2

புத்தகம் இருக்கிறது, அது தொடரும். இன்னொரு கேள்வி: வருபவர்களே தங்கள் எண்ணை நிரப்ப ஒரு ஃபார்ம் அனுப்பலாமா?

விரிஞ்சிபுரம்

அனுப்பலாம், ஒரு எச்சரிக்கையோடு. ஏர்டேபிள் ஃபார்மில் ஆட்கள் லிங்க் ஃபீல்டை வைத்தால், அந்த ஃபார்ம் கிடைத்த யார் வேண்டுமானாலும் உங்கள் ஆட்களின் அடையாளப் பெயர்களைத் தேடிப் பார்க்கலாம். அடையாளப் பெயரில் கைபேசி எண்ணையும் சேர்த்திருந்தால் 180 எண்ணும் வெளியே போனது போலத்தான். ஃபார்மில் வெறும் உரை ஃபீல்டு வைத்து, பிறகு நீங்கள் கையால் லிங்க் செய்யுங்கள்.

ஃபார்மின் மேலேயே எண் எதற்கு என்று எழுதுங்கள்: "கூட்ட அறிவிப்புக்கும் வேலைத் தொடர்புக்கும் மட்டும்". 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொன்ன நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்தச் சொல்கிறது. ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உரிமை தருகிறது. "சம்மத தேதி" என்று ஒரு ஃபீல்டு இருக்கட்டும். சீட்டு நடத்துகிறவருக்கும் மனை விற்கிறவருக்கும் பட்டியல் போய்ச் சேருவதுதான் மக்களுக்கு எரிச்சல், அதில் நியாயம் இருக்கிறது.

ஆற்காட்டு மேடு

கணக்கு யார் பெயரில் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். செயலாளரின் சொந்த ஜிமெயிலில் தொடங்கினால் அடுத்த தேர்தலில் எல்லாம் அவரோடு போய்விடும். கூட்டமைப்புக்கென்று ஒரு மின்னஞ்சல், இரண்டு நிர்வாகிகளிடம் மீட்பு எண். இரண்டு வருடம் யாரும் உள்ளே நுழையாத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம், அதுவும் நினைவில் இருக்கட்டும்.

சத்துவாச்சாரி பேஸ் 2

ஷீட்டில் தொடங்கிவிட்டுப் பிறகு ஏர்டேபிளுக்கு மாறினால் என்ன உடையும்?

குடியாத்தம் தறி

மாற வேண்டிய அவசியம் வராது. ஒருவேளை மாறினா டிக்பாக்ஸ் தாள் அப்படியே போகாது, ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்தவங்க பேரை ஒரே கட்டத்துல டெக்ஸ்ட்ஜாயின் போட்டுச் சேத்து எடுத்துக்கணும். மறுபக்கம், ஏர்டேபிள்ல இருந்து சிஎஸ்வி (அட்டவணையை வெறும் உரையாத் தர்ற கோப்பு) எடுத்தீங்கன்னா லிங்க் எல்லாம் வெறும் பேரா வரும், இணைச்ச கோப்புகளோட முகவரி சில மணி நேரத்துல செத்துடும். ஸ்கேன் மனுக்களைத் தனியா இறக்கி வைக்கணும். சிஎஸ்வியை எக்செல்ல டபுள் கிளிக் பண்ணித் திறந்தா தமிழ் குப்பையாத் தெரியலாம். டேட்டா மெனு வழியா யுடிஎஃப்-8 தேர்ந்தெடுத்துத் திறங்க.

பாலாற்றங்கரை

மாறும்போது வரிசை முக்கியம். முதலில் ஆட்கள், அடுத்து பதவிகள், பிறகு கூட்டங்கள், கடைசியில் வேலைகள். ஆட்களை ஏற்றியதும் எத்தனை வரி என்று குறித்துக்கொள்ளுங்கள், 180 என்று வைப்போம். பிறகு கூட்டங்களில் உரையாக இருக்கும் "வந்தவர்கள்" ஃபீல்டை ஆட்களோடு லிங்க் ஆக மாற்றுங்கள். பொருந்தாத பெயருக்கெல்லாம் ஏர்டேபிள் கேட்காமலே புது ஆளை உண்டாக்கும். மாற்றிய பின் ஆட்கள் 187 என்று காட்டினால் ஏழு பெயர் எழுத்தில் பிசகியிருக்கிறது. அந்த ஏழும் எண் இல்லாமல் காலியாக, பட்டியலின் அடியில் வரிசையாக இருக்கும். உடனே அன்டூ செய்து, ஷீட்டில் அந்தப் பெயர்களைத் திருத்தி, கூட்டங்களை மறுபடி ஏற்றி மாற்றுங்கள். 180-லேயே நிற்கும் வரை வேலைகள் அட்டவணையை ஏற்றாதீர்கள்.